சமைக்கும்போது கையை வெட்டிக்கொண்டால்: எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதற்கு உடனே போக வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெங்காயம் நறுக்கும்போது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது, ரத்தம் ரொம்ப நேரம் நிற்கவில்லை, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வைத்துக் கட்டினீர்கள், மறுநாள் பார்த்தவர்கள் எல்லாம் "தையல் போட்டிருக்க வேண்டும்" என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். தையல் தேவையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அடிக்கடி இப்படி வெட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி, கட்டுப் போட்ட கையோடு சமைக்கலாமா, இவை மூன்றும் கேள்வி. வெட்டுக்காயங்களைக் கழுவிக் கட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

முதலில் ஒன்று. எல்லோரும் ரத்தத்தை வைத்துத்தான் காயத்தை எடை போடுகிறார்கள், அங்கேதான் கணக்குத் தப்பிப்போகிறது. விரல் நுனியில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன, அதனால் ஒன்றுமில்லாத கீறலுக்கும் தரையெல்லாம் சொட்டும். அதே நேரம் கத்தி முனை விரலின் உட்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ளே தசைநாணையோ (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு மாதிரியான நார்) நரம்பையோ வெட்டியிருக்கும், வெளியே நாலு சொட்டு ரத்தம்கூட வந்திருக்காது. முதல் ஆள் அலறிக்கொண்டு வருவார், ஒரு பிளாஸ்டரோடு திரும்பிப் போவார். இரண்டாவது ஆள் மூன்று வாரம் கழித்து, "விரல் மடங்க மாட்டேன் என்கிறது" என்று நிதானமாக வருவார். அவருக்குத்தான் பெரிய அறுவை சிகிச்சை.

சரி, வெட்டிய உடனே என்ன செய்வது? கத்தியைக் கீழே வையுங்கள், அடுப்பை அணையுங்கள், உட்காருங்கள். ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் ஆட்கள் நிறைய, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று இறங்கி மயக்கம் வரும், கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் மயங்கி விழுவது வெட்டுக்காயத்தைவிடப் பல மடங்கு மோசம். கையில் மோதிரம் இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள், வீங்கின பிறகு கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ரத்தம் கொஞ்சமாக வந்தால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் ஓரிரு நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் அதுவே போதும், தனியாக உப்புநீர்க் கரைசல் வாங்கத் தேவையில்லை. காயத்தைச் சுற்றி சோப்புப் போடலாம். ரத்தம் வேகமாக வருகிறது என்றால் கழுவுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அழுத்திப் பிடியுங்கள்.

அழுத்துவது என்றால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள், "நிற்கவே இல்லை" என்பார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி, அதன் மேல் ஃபைப்ரின் என்ற நார்வலை பின்னித்தான் ரத்தம் உறைகிறது. ஒவ்வொரு முறை தூக்கிப் பார்க்கும்போதும் பின்னின வலையை நீங்களே பிய்த்துவிடுகிறீர்கள். உங்களுக்கு ரொம்ப நேரம் நிற்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி. 10 நிமிடம் ஒழுங்காக அழுத்தி, இன்னொரு 10 நிமிடமும் அழுத்தி, அப்படியும் நிற்கவில்லை என்றாலோ, துடித்துத் துடித்துப் பீய்ச்சினாலோ மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இயல்பாகவே நேரம் கூடும், அவர்கள் இன்னும் பொறுமையாக அழுத்த வேண்டும், போகும் இடத்தில் மாத்திரையின் பெயரையும் சொல்ல வேண்டும்.

விரலைச் சுற்றி ரப்பர் பேண்டோ நூலோ இறுக்கிக் கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ரத்தம் நிற்கும்தான். அப்புறம் அதன் மேல் கட்டுப் போட்டு மறந்துவிடுவார்கள், விரல் நீலம் பாய்ந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

ஸ்பிரிட் விஷயம். கிருமியைக் கொல்கிற ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் காயத்தை ஆற்றுகிற உயிரணுக்களையும் சேர்த்தே கொல்லும். ஒரு தடவை வைத்ததால் குடி முழுகிப் போகவில்லை, எரிச்சல்தான் மிச்சம். தினமும் வைத்தால் ஆறுவது தள்ளிப்போகும். காயத்துக்குள் தண்ணீர், சுற்றிலும் சோப்பு, அது போதும். சமையலறையில் கைக்கு எட்டுகிற தூள் எதையும் உள்ளே அப்ப வேண்டாம், அதை அப்புறம் சுரண்டி எடுப்பதற்குள் உங்களுக்கும் வலி, எடுக்கிறவருக்கும் எரிச்சல்.

இப்போது ரத்தம் நின்றுவிட்டது. பெரும்பாலானவர்கள் இங்கே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் இங்கேதான் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வேன். விரலைச் சோதிக்க வேண்டும்.

நுனி மூட்டை மடக்குவது ஒரு தசைநாண், நடு மூட்டை மடக்குவது இன்னொன்று. அதனால் விரல் மொத்தமாக மடங்குகிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது, ஒன்று அறுந்திருந்தாலும் மற்றது மடக்கிக் காட்டும். விரலின் நடு எலும்பை மற்றொரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். அப்புறம் மற்ற மூன்று விரல்களையும் நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட விரலை மட்டும் நடு மூட்டில் மடக்கிப் பாருங்கள். (சிலருக்குச் சுண்டுவிரல் பிறவியிலேயே இந்த இரண்டாவது சோதனையில் ஒழுங்காக மடங்காது, மறு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.) வெட்டு விரலின் மேல்பக்கம் என்றால் நுனியை நிமிர்த்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும், நுனி தொங்கிப்போய் நிமிராமல் இருந்தால் மேல்பக்கத் தசைநாண் அறுந்திருக்கிறது. மடங்குகிறது, ஆனால் மடக்கும்போது சுரீரென்று வலிக்கிறது அல்லது வலுவில்லை என்றால் பாதி அறுந்திருக்கலாம். அதுவும் போய்க் காட்ட வேண்டியதுதான்.

அடுத்தது உணர்ச்சி. விரலின் இரண்டு பக்கமும் ஒரு நரம்பும் ஒரு தமனியும் ஜோடியாக ஓடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு, வெட்டுக்கு அப்பால் இருக்கும் நுனியின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் தனித்தனியாக ஒரு பேப்பர் நுனியால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் அந்தப் பக்கத்து நரம்பு போயிருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் வெட்டி ரத்தம் பீய்ச்சி அடித்திருந்தால் கூடவே ஓடும் நரம்பையும் சந்தேகப்படுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அறுந்த தசைநாண் அறுந்த இடத்திலேயே காத்துக்கொண்டிருக்காது, தசை அதை இழுத்துக்கொள்ளும், சில நேரம் உள்ளங்கை வரைக்கும் உள்ளே போய்விடும். முதல் சில நாட்களுக்குள் என்றால் இரண்டு முனையையும் பிடித்து நேரடியாகத் தைத்துவிடலாம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் அது சுருங்கி ஒட்டிப்போய், வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைக்கும் அளவுக்குப் போகும். தைத்த பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி உண்டு.

இப்படி ஆவது பெரும்பாலும் நறுக்கும்போது இல்லை. கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதற்குள் கத்தி முனையை நெம்பும்போது. அவகாடோக் கொட்டையைக் கத்தியால் குத்தி எடுப்பது, உறைந்துபோய் ஒட்டிக்கொண்ட துண்டுகளைக் கத்தியை விட்டுப் பிரிப்பது, டப்பா மூடியை நெம்புவது. கத்தி வழுக்கினால் நேராக உள்ளங்கையில் இறங்கும். அவகாடோவால் வரும் உள்ளங்கைக் காயங்கள் மருத்துவ இதழ்களில் தனிக் கட்டுரையாகவே வருமளவுக்கு அதிகம்.

தையலுக்கு வருவோம். விரலை அசைக்கும்போது காயத்தின் இரண்டு உதடும் விலகித் திறந்தால், உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால், மூட்டின் மேலேயே வெட்டு இருந்தால், நகத்தையும் நகத்துக்கு அடியில் இருக்கும் சதையையும் சேர்த்துப் பிளந்திருந்தால், தையல் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எதுவும் இல்லாமல், பிளாஸ்டர் ஒட்டினால் இரண்டு ஓரமும் தானாகச் சேர்ந்து நிற்கிறது என்றால் தேவையில்லை. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது, 6 மணி நேரத்துக்குள் என்பது பழைய கணக்கு, சுத்தமான வெட்டை அதற்குப் பிறகும் தைக்கிறார்கள். ஆனால் மறுநாள் சாயங்காலம் வந்து நின்றால் பல நேரம் திறந்தே விட்டு ஆற்றுவார்கள். சில காயங்களுக்கு ஊசி நூல் இல்லாமல் மருத்துவப் பசை போதும், மூட்டு மேல் அது நிற்காது. பசை என்றதும் வீட்டில் இருக்கும் சூப்பர் பசையை எடுக்காதீர்கள். ஒரே குடும்பத்து வேதிப்பொருள்தான் என்றாலும் தோலுக்காகச் செய்தது இல்லை, ஒட்டும்போது சூடாகும், சதையை எரிச்சலூட்டும், கழுவாத காயத்தை உள்ளே வைத்து மூடியும் விடும். உங்கள் விரல் பற்றி நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஓரங்கள் சேர்ந்திருக்கின்றன, நுனி மடங்குகிறது, தொட்டால் தெரிகிறது. தையல் இல்லாமலே ஆறும்.

நுனியே சீவிப் போய்விட்டால்? காய் சீவும் பலகையும் பீலரும் செய்கிற வேலை இது. தைப்பதற்கு அங்கே தோலே இருக்காது. பார்க்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் எலும்பு தெரியாமல், சுமார் 1 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும், 3 முதல் 6 வாரம் ஆகலாம். இதற்கு ஈரம் வேண்டும். "காற்றாட விடு, பொருக்குக் கட்டட்டும்" என்று சொல்வது தப்பு. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சின்னக் காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டும் சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடியும் பார்த்தார், மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. இன்றைய காயக்கட்டு முறைகள் பலவும் அங்கிருந்து வந்தவைதான். பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத வகைக் கட்டை மேலே வைத்து, அழுக்கானால் மாற்றுங்கள். காய்ந்து ஒட்டிப்போன பஞ்சைப் பிய்க்காமல் தண்ணீரில் நனைத்து எடுங்கள். அப்புறம், பஞ்சை நேராகக் காயத்தில் வைக்கவே வேண்டாம், நார் நாராக உள்ளே ஒட்டும்.

பிளாஸ்டர் என்ற பொருளே சமையலறை வெட்டுக்காயத்துக்காகப் பிறந்தது தெரியுமா? ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் செய்துவந்த எர்ல் டிக்சனின் மனைவி ஜோசஃபின் சமைக்கும்போது அடிக்கடி கையை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். அவரே ஒரு கையால் போட்டுக்கொள்ளும்படி டிக்சன் 1920-ல் ஒட்டும் நாடாவில் மருந்துத்துணியை இடைவெளி விட்டு ஒட்டிவைத்தார். அதுதான் பேண்ட்-எய்ட். ஆக, அடிக்கடி வெட்டிக்கொள்வதில் நீங்கள் தனி ஆள் இல்லை.

துண்டு முழுசாகவே அறுந்து விழுந்துவிட்டால், அதை லேசாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. கத்தி குத்தி நிற்கிறது என்றால் பிடுங்காமல் அப்படியே போங்கள்.

டெட்டனஸ் ஊசி பற்றி எல்லோரும் கேட்பார்கள். மூன்று தவணை அடிப்படை ஊசி முடித்தவர் என்றால், சுத்தமான சின்ன வெட்டுக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று, அழுக்கான ஆழக் காயத்துக்கு 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று. ஞாபகமே இல்லை என்றால் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. துரு இருந்தால்தான் டெட்டனஸ் வரும் என்பதில்லை, அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருக்கின்றன, பளபளவென்று இருக்கும் கத்தியிலும் இருக்கலாம்.

முதல் இரண்டு நாள் லேசான சிவப்பும் வலியும் சாதாரணம். குறைய வேண்டிய நேரத்தில் வலி கூடினால், சீழ் வந்தால், கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே போங்கள். குறிப்பாக ஒன்று இருக்கிறது, ஆலன் கனவெல் என்ற சிகாகோ அறுவை மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது, இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்: விரல் முழுக்க ஒரே சீராக வீங்கும், லேசாக மடங்கியே நிற்கும், உட்பக்கம் நெடுக அழுத்தினால் வலிக்கும், நிமிர்த்தினால் உயிர் போகும். தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மீன் முள் குத்தினதும், நண்டு ஓடு கிழித்ததும் தனி ரகம். அவற்றில் வரும் சில கிருமிகள் வழக்கமான மாத்திரைக்கு அடங்காது, சில வாரம் கழித்துக் கட்டி மாதிரி கிளம்பும், அப்போது மருத்துவரிடம் "மீன் முள் குத்தியது" என்று நீங்களே சொன்னால்தான் அவருக்குப் பொறி தட்டும். நீரிழிவு இருப்பவர்களும் கல்லீரல் நோய் இருப்பவர்களும் இதில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சூடு படுவதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம், இதுதான் சிகிச்சை, 2 நிமிடத்தோடு நிறுத்திவிட்டு டூத்பேஸ்ட் தேடாதீர்கள். ஐஸும் வேண்டாம். பட்டு 3 மணி நேரம் வரைக்கும் இது பலன் தரும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். ஆவியைக் கொதிநீரைவிட லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே அது பெரிய அளவில் சூட்டைக் கொட்டிவிடும், அதனால் மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள்.

இனி தவிர்ப்பது. மழுங்கின கத்திதான் அதிகம் வெட்டும், இது சும்மா சொல்வது இல்லை, மழுங்கினால் அழுத்துவீர்கள், அழுத்தினால் தக்காளித் தோலில் வழுக்கும், வழுக்கும்போது அத்தனை பலமும் விரலில் இறங்கும். கூரான கத்தி கிழித்தாலும் ஓரம் நேராக இருப்பதால் சீக்கிரம் ஆறும். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் அது நகராது, இந்த ஒரு மாற்றமே பாதி விபத்தைக் குறைக்கும் என்பது என் அபிப்பிராயம். உருண்டையான எதையும் முதலில் பாதியாக வெட்டித் தட்டைப் பக்கத்தைக் கீழே வையுங்கள். பிடிக்கிற கையின் விரல் நுனிகளைப் பூனை நகத்தை மடக்குவது மாதிரி உள்ளே மடக்கி, கணுவைக் கத்திப் பக்கம் காட்டுங்கள், கத்தியின் பக்கவாட்டு அந்தக் கணுவில் உரசிக்கொண்டே போகட்டும். ஒரு வாரம் எரிச்சலாக, மெதுவாக இருக்கும், அப்புறம் கை தானாகச் செய்யும்.

கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், பின்னால் நகருங்கள். சோப்புத் தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள், அடுத்து கைவிடுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். காய் சீவும் பலகைக்குப் பிடியோ வெட்டுப்படாத கையுறையோ இல்லாமல் கடைசித் துண்டு வரை சீவ வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், அந்தக் கடைசித் துண்டைத் தூக்கிப் போடுங்கள். கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டரில் சிக்கினதை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தது போதாது, பிடித்திருக்கிற கையிலேயே பொத்தான் இருக்கிறது. குறுகலான கண்ணாடி டம்ளருக்குள் கையைத் திணித்துக் கழுவாதீர்கள். உடைந்து வெட்டினால் மருத்துவரிடம் கண்ணாடி என்று சொல்லுங்கள், உள்ளே துண்டு தங்கியிருந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்வி, கட்டோடு சமைக்கலாமா. தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போட்டுக்கொண்டு செய்யலாம். பெரிய சமையலறைகளில் நீல நிறப் பிளாஸ்டர்தான் கொடுப்பார்கள், நீல நிறத்தில் உணவு அநேகமாகக் கிடையாது என்பதால் கழன்று விழுந்தால் உடனே கண்ணில் படும். ரத்தம் பட்ட காயை கழுவிப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள், பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆனால் காயம் சீழ் பிடித்திருக்கிறது என்றால் ஆறும்வரை மற்றவர்களுக்குச் சமைக்கவே வேண்டாம். சீழில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் விழுந்து பெருகினால் அது ஒரு நச்சை உண்டாக்கும், அப்புறம் உணவைத் திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நச்சு அழியாது, சாப்பிட்ட சில மணி நேரத்தில் வீடே வாந்தி எடுக்கும்.